கொல்லாமோ, கொள்ளாமோ?

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. கொச்சியில் அந்த மாதத்தைக் கர்க்கடகம் என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, மழை மழைதான். இன்று காயப்போட்ட துணி நாளை மாலையிலும் ஈரமாகவே இருக்கும். நான் சென்னைக்காரி. கணவருக்கு இங்கே மாற்றலானதால் வந்தவள். அப்போது வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வைட்டிலா பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கடைகளிலும் கிளினிக்குகளிலும் குடோன்களிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களை எங்கள் ஆபீஸில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாகப் பார்த்துச் சரிசெய்வோம். கறுப்புத் திரையில் நான் இங்கே ஒரு வரி தட்டினால் அங்கே வேலை நடக்கும். செருப்பு நனையாமல் சம்பாதிக்கிறேன் என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொள்வேன்.

நடந்ததைச் சொல்லும் முன் என் நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே 'ல'வும் 'ள'வும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் என் வாயில் பல்லி குடியிருக்கும் கூடமாகத்தான் வரும். தமிழ் டீச்சர் எழுப்பி நிற்க வைத்து நாக்கை மடி, மடி என்பார். வகுப்பே சிரிக்கும். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். சென்னையில் அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

கொச்சிக்கு வந்த ஆறே மாதத்தில் மலையாளம் பேச ஆரம்பித்துவிட்டேன். எதிரில் இருப்பவர் பாவப்பட்டுத் தமிழில் பேசினால்கூட நான் மலையாளத்தில்தான் பதில் சொல்வேன். அவ்வளவு ஆசை, அதைவிட அதிகம் மிதப்பு. அந்த மிதப்புக்குத்தான் வந்தது ஆப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில், கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை நிறுத்தும் கட்டளைக்குப் பெயரே 'கில்'. அதனால் ஆபீஸில் நாள் முழுக்க 'அதைக் கொன்னுட்டியா', 'இதை நான் கொல்றேன்' என்றுதான் பேச்சு. டீ கொண்டுவருபவர் முதல் வாரத்தில் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

எங்களுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு வாடிக்கையாளர் உண்டு. மசாலா மொத்தக் கடைகள் இருக்கும் தெருவில், ஒரு பழைய குடோனின் மாடியில் நடக்கும் சின்ன ஸ்கேன் சென்டர். கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக இறங்கும். அங்கிருந்து வரும் எந்தக் கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்தாலும் எனக்கு நாலு தும்மல் நிச்சயம். அந்த சென்டரின் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பது வயதுள்ள ஒரு சேட்டன், நல்ல மனிதர். அதுவரை நேரில் பார்த்தது ஒரே தடவைதான், ஆனால் போனில் வாரம் மூன்று முறையாவது பேசுவோம்.

அன்று காலை அவர் போன் செய்து, பழைய படங்கள் சேமித்து வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போடுகிறது என்றார். கேட்டவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அது சாகக் கிடக்கிறது. அதில் இருப்பதையெல்லாம் பக்கத்தில் ஒரு புது டிஸ்கில் நகல் எடுத்துவிட வேண்டும். அப்படிப்பட்ட டிஸ்க் ஒரு தடவை முழுதாகப் படிக்கவிட்டால் அதுவே பெரிய விஷயம். இரண்டாவது தடவை தாங்காது. பத்து மணிக்கு நகலெடுக்கும் வேலையைத் தொடங்கினேன். வருட வருடமாக, பழையதிலிருந்து புதியதற்கு ஒவ்வொரு படமாகப் போய்க்கொண்டிருந்தது. திரையில் படங்களின் எண்கள் மெதுவாக மேலே ஏறின.

இங்கே என் முதல் தப்பு. இப்படிப்பட்ட நீளமான வேலைகளை, லைன் அறுந்தாலும் அறுந்துபோகாத தனித் திரை ஒன்றைத் திறந்து அதற்குள்தான் தொடங்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு நானே அதை வகுப்பெடுப்பேன். அன்று நான் அப்படிச் செய்யவில்லை. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, சோம்பேறித்தனம்தான்.

பதினொன்றரைக்குச் சேட்டன் மறுபடியும் கூப்பிட்டார்.

"மேடம், இவிடெ ஒரு தமிழ் சேச்சி வந்நிட்டுண்டு. மூணு கொல்லம் முன்பத்தெ ஸ்கேன் வேணமாம்."

கொல்லம் என்றால் வருடம். மூன்று வருடத்துக்கு முந்தைய ஸ்கேன் படம் வேண்டுமாம். நான் தமிழ் என்று தெரிந்ததும் அந்த அம்மாவே பேசட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டார்.

அந்த அக்கா தேனிப் பக்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கொச்சிக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறதாம். மட்டாஞ்சேரியில் குடோன்களுக்குப் பின்னால் ஒரு இட்லிக் கடை நடத்துகிறார். கழுத்தில் ஒரு கட்டி. மூன்று வருடத்துக்கு முன் இதே சென்டரில் ஸ்கேன் எடுத்து, 'சின்னதுதான், பார்த்துக்கலாம்' என்று விட்டிருக்கிறார்கள். இப்போது புதிதாக ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, பழைய படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு இருந்த அதே அளவென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். வளர்ந்திருந்தாலோ, பழைய படமே இல்லையென்றாலோ, திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு வந்து படுத்துவிட வேண்டும். அக்காவிடம் இருந்த படம், அதற்கு முந்தைய வருடம் கடல் ஏற்றத்தில் காயல் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது ஊறிப்போய் ரேஷன் கார்டோடு ஒட்டிக்கொண்டதாம். பிரித்தால் இரண்டும் கிழிந்துவிட்டதாம்.

"டாக்டரு அஞ்சு மணி வரைக்கும்தான் இருப்பாராம். எனக்குக் கத்தி பயமில்லம்மா. மயக்க மருந்துதான் பயம். எங்க தங்கச்சிக்கு அப்பிடித்தான் மூக்குல வச்சாங்க. எந்திரிக்கவே இல்ல அவ. கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்ல."

"படம் கிடைச்சிடும்க்கா, கவலைப்படாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த வருடத்துப் படங்களை மட்டும் முதலில் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் வேலை பாதியில் இருந்தது. அந்த நோஞ்சான் டிஸ்கை நிறுத்தித் திரும்பக் கிளப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் அக்காவுடைய வருடம் தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி பத்து நிமிடம் இருக்கும். இடி ஒன்று விழுந்தது பாருங்கள், ஆபீஸில் எல்லோரும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டோம். விளக்கு எரிந்தது, ஆனால் இன்டர்நெட் போய்விட்டது. என் கறுப்புத் திரை அப்படியே உறைந்து நின்றது. என்ன தட்டினாலும் அசையவில்லை.

போச்சுடா என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். லைன் அறுந்தால், அந்த லைனில் தொடங்கிய வேலையும் அதோடு செத்துவிடும். அதுதான் வழக்கம். பக்கத்து சீட்காரரின் மொபைலை வாங்கி, அதன் இன்டர்நெட்டில் மட்டாஞ்சேரி கம்ப்யூட்டருக்குள் மறுபடி நுழைந்தேன். என் போனில் சேட்டனைக் கூப்பிட்டேன். அவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வேடிக்கை. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் என்றது. இரண்டுமே நான்! இப்போது வந்த நான் ஒன்று, அறுந்துபோன பழைய நான் இன்னொன்று. பழைய நான் தொடங்கிய நகலெடுக்கும் வேலையும் பட்டியலில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

செத்திருக்க வேண்டியது ஏன் சாகவில்லை? எனக்கு எப்போதுமே இந்த மாதிரி விஷயத்தில் மூக்கு வியர்க்கும். உற்றுப் பார்த்தேன். அது கம்ப்யூட்டரின் மூளையைத் துளிகூடப் பயன்படுத்தவில்லை, சுத்தமாகப் பூஜ்யம். கடைசியாக நகலெடுத்த படத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு பத்து நொடி காத்திருந்தேன். எண் மாறவில்லை. சரி, இது வெறும் உடம்பு, உயிர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்படி முடிவு கட்ட எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் வேறொரு கடையில் இதே மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை நான் கண்டுகொள்ளாமல் விட்டு, அது அந்தக் கடையின் கம்ப்யூட்டரையே ஒரு நாள் முழுக்க முடக்கிவிட்டது. முதலாளி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். 'மிச்சம் மீதியை முதலில் கொல்லு, பிறகு வேறு வேலை பார்' என்று அன்றைக்கு எனக்கு உத்தரவு. சூடு கண்டவள் நான். அதுவும் இந்த டிஸ்கில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் ஓடினால் அது அந்த இடத்திலேயே போய்விடும். பழையதை முடித்துவிட்டுத்தான் புதிதாக முதலிலிருந்து தொடங்க முடியும். டிஸ்க் தாங்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

"சனியன், இதைக் கொன்னாத்தான் சரிப்படும்" என்று எனக்கு நானே தமிழில் முணுமுணுத்துக்கொண்டே கட்டளையைத் தட்டினேன். என்டர் மட்டும்தான் பாக்கி. நல்லவேளை, அங்கே பக்கத்திலேயே நிற்கும் மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. தமிழில் கேட்டிருக்கலாம். அவருக்கு நன்றாகவே புரியும். ஆனால் நம் மிதப்பு விடுமா?

"சேட்டா, பழைய டிஸ்கின்டெ அடுத்துப் போய் ஒன்னு நோக்கணே. அது கொல்லாமோ?"

டிஸ்க் பக்கத்தில் போய்ப் பாருங்கள், கொல்லலாமா என்பதை மலையாளத்தில் கேட்டுவிட்டதாக என் நினைப்பு. அவர் எழுந்து போகும் சத்தம் கேட்டது. மழைச் சத்தம் கேட்டது. கீழே தெருவில் லாரிக்காரர் யாரோ ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சேட்டனின் குரல், உற்சாகமாக:

"ஆ! கொள்ளாம் மேடம், கொள்ளாம்!"

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. என் விரல் என்டர் மேல் இருந்தது.

"ஏம்மா! ஏம்மா, நில்லு! எதுவும் செஞ்சிராத!"

போனே கிழிந்துவிடும் போல ஒரு கத்தல். தேனி அக்காதான். நான் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன்.

"அவரு நல்லா இருக்குன்னுல்ல சொல்றாரு! நீ கொன்னுறவான்னுல்ல கேக்குற! ரெண்டு பேரும் என்னத்தம்மா பேசுறீங்க?"

சேட்டன்தான் முதலில் சுதாரித்தார்.

"அய்யோ மேடம்! ஞான் விசாரிச்சு 'கொள்ளாமோ'ன்னா சோதிச்சேன்னு!"

விசாரிச்சு என்றால் மலையாளத்தில் நினைத்தேன், சோதிச்சு என்றால் கேட்டது என்று பொருள். நான் 'கொள்ளாமோ' என்று கேட்டதாக நினைத்திருக்கிறார். மலையாளத்தில் கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது, பரவாயில்லை. கொல்லாம் என்றால் கொல்லலாம். நடுவில் நாக்கு மடிகிற ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். என் நாக்கோ பிறந்ததிலிருந்து மடியாத நாக்கு, 'ள' வர வேண்டிய இடத்திலும் எனக்கு 'ல'தான் வரும் என்று அவருக்கும் பழகிவிட்டது. பழையதைக் கொல்லலாமா என்று நான் கேட்க, பழையது நன்றாக இருக்கிறதா என்று அவர் காதில் விழ, விளக்கு மின்னுவதையும் டிஸ்க் சுற்றும் சத்தத்தையும் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது மேடம் என்று அவர் சந்தோஷமாகச் சொல்ல, அது கொல்லலாம் என்று என் காதில் விழ! தட்டி வைத்த அந்த வரியை முதல் காரியமாக ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நீதான கொன்னாத்தான் சரிப்படும்னு முன்னாடியே மொணங்குன. எனக்கு இது தெரியாத கணக்கா? நான் வந்த புதுசுல ஒரு சுமைக்காரரு சாம்பார ஊத்திச் சாப்புட்டுட்டு 'கொள்ளாம்'னாரு. என் சாம்பாரு ஆளக் கொல்லும்னு சொல்றியான்னு கரண்டியத் தூக்கிட்டுப் போய்ட்டேன். பாவம், அந்த மனுசன் தட்டோட ஓடுனாரு. அதுலருந்து அந்த வார்த்தைன்னா என் காது நிமுந்துக்கிரும்."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் சேட்டனும் சிரித்தார். அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அதுக்கு உசுரு இருக்கா இல்லையான்னு நல்லாப் பாரும்மா" என்றார். அதில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

சேட்டன் போனை எடுத்துக்கொண்டு போய் டிஸ்க்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு மழைதான் கேட்டது. அக்காவைக் கேட்கச் சொன்னேன். தினமும் விடிந்ததும் விடியாததுமாகக் கிரைண்டர் பக்கத்தில் நிற்பவர் அவர். கல்லில் அரிசி சிக்கினால் எப்படி முக்கி முக்கி ஓடுமோ அந்த மாதிரி ஓடுகிறது என்றார். நிற்கிறது, பிறகு சுற்றுகிறது, மறுபடி நிற்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிஸ்கில் கெட்டுப்போன இடம் ஒன்றில் மாட்டிக்கொண்டு, அந்த ஒரு படத்தைப் படிக்க அது போராடிக்கொண்டிருக்கிறது. நகலெடுக்கும் வேலை பாவம், டிஸ்க் எப்போது தரும் என்று காத்துக்கொண்டு நிற்கிறது. காத்திருப்பவருக்கு மூளையைக் கசக்கும் வேலை எதுவும் இல்லை. அதனால்தான் அந்தப் பூஜ்யம். பத்து நொடி பார்த்துவிட்டுச் செத்துப்போச்சு என்றவள், இப்போது பொறுமையாக மூன்று நிமிடம் பார்த்தேன். படத்தின் எண் மாறியது. அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

"உயிர் இருக்குக்கா!" என்று கத்தினேன். ஆபீஸில் இருந்தவர்கள் யாருக்கோ என்னமோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

சரி, லைன் அறுந்ததும் அது ஏன் சாகவில்லை? அதுவும் புரிந்துவிட்டது. போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் கட்டானது தெரியாமல் நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்போமே, அதே கதைதான். இடி விழுந்து லைன் போனது எனக்குத் தெரியும், மட்டாஞ்சேரி கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நான் இன்னும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற நம்பிக்கையில் அது எனக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

பாசம் வந்த வேகத்தில் பயமும் வந்தது. எத்தனை நேரம் இப்படி ஏமாறும்? அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறாயா?' என்று கேட்குமாம். மூன்று தடவை பதில் வராவிட்டால், போய்விட்டாள் என்று முடிவுசெய்து, பழைய என்னையும் நான் தொடங்கிய வேலையையும் சேர்த்து மூடிவிடும். ஆக மொத்தம் பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று இருபது. லைன் போய்ப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. நான் கொல்லாவிட்டாலும் இன்னும் ஐந்து நிமிடத்தில் அது தானாகவே செத்துவிடும். அக்காவுடைய வருடம் இன்னும் வரவில்லை, அதற்கு முந்தைய வருடத்தின் கடைசி மாதங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஓடிக்கொண்டிருக்கும் வேலையை ஒரு திரையிலிருந்து பெயர்த்து, நிறுத்தாமல் இன்னொரு திரைக்கு மாற்றி நடுவதற்கு ஒரு சின்னக் கருவி உண்டு. எங்கள் வாடிக்கையாளர் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் அதைப் போட்டு வைத்திருப்போம். நான் அதுவரை ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை. தொடும் அவசியம் வந்ததில்லை என்பதைவிட, கொன்றுவிட்டு மறுபடி தொடங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது என்பதுதான் உண்மை. எப்படிப் பயன்படுத்துவது என்று வாசித்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகும் ஒரு சும்மா வேலையைத் தொடங்கி, அதைப் பெயர்த்துப் பார்த்தேன். முதல் தடவை சொதப்பல். இரண்டாவது தடவை, எண்ணிக்கை ஒரு திரையில் நின்று அடுத்த திரையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மந்திரம் பார்த்த மாதிரி இருந்தது. ரசிக்க நேரமில்லை, மணி ஒன்று இருபத்து மூன்று.

மட்டாஞ்சேரியில், காலையில் சோம்பேறித்தனப்பட்டுத் திறக்காமல் விட்ட அந்த அறுபடாத் திரையை இப்போது திறந்தேன். வேலையின் எண்ணைக் கொடுத்தேன். இந்த முறை என்டரை அழுத்தும் முன் தமிழில், சுத்தத் தமிழில், சத்தமாகச் சொன்னேன்: "சேட்டா, அக்கா, நான் அதை நிறுத்தப் போறதில்ல. வேற எடத்துக்கு மாத்தப் போறேன்."

"மாத்து, மாத்து" என்றார் அக்கா.

அழுத்தினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. வெறும் கறுப்பு. டிஸ்க் இன்னொரு கெட்ட இடத்தில் மாட்டியிருந்தால் அது வெளியே வரும்வரை பெயர்க்க முடியாது, அதுவரை காத்திருக்க வேண்டும் என்று வாசித்திருந்தேன். ஸ்பீக்கரில் அக்கா மூச்சு விடுவது கேட்டது. எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு, அந்தக் கறுப்பின் அடியில் ஒரு எண் வந்தது. அடுத்த எண் வந்தது. அதற்கு மேல் ஒன்று. வேலை என் புதுத் திரைக்கு வந்துவிட்டது. ஓரிரு நிமிடத்தில் பட்டியலைப் பார்த்தேன். பழைய நான் போய்விட்டிருந்தேன். புதிய நான் மட்டும் இருந்தேன். நகல் போய்க்கொண்டே இருந்தது.

மூன்றரை மணிக்கு அக்காவுடைய மாதம் வந்தது. சேட்டன் ஒவ்வொரு படமாகத் திறந்து பெயரைப் பார்த்து, "கிட்டி மேடம், கிட்டி!" என்றார். படத்தை அச்செடுத்துக் கொடுத்ததும் அக்கா என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்கூட மழையில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டாராம். அது நியாயம்தானே. எனக்குத்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகும் சோறு இறங்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று யாரைக் கேட்பது? சேட்டனுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் போன் செய்தார். மாலையில் நகல் முழுதாக முடிந்ததும் மெஷினை முறைப்படி அணைத்துவிட்டுப் போனவர், வந்து திரும்பப் போட்டிருக்கிறார். பழைய டிஸ்க் எழவே இல்லையாம். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அந்தச் செத்த டிஸ்கை வாங்கிவரும் சாக்கில் சனிக்கிழமை நேரிலேயே மட்டாஞ்சேரிக்குப் போனேன். செருப்பு நன்றாகவே நனைந்தது. இட்லிக் கடை எது என்று விசாரிக்க வேண்டிய தேவை இல்லாமல், சேட்டனே கூட வந்து காட்டினார். தகரக் கூரை, நாலு பெஞ்சு, சுமைதூக்குபவர்கள் கூட்டம். போனில் குரலாக மட்டும் தெரிந்தவர் இட்லித் துணியை உதறிக்கொண்டு நின்றார். என் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. என் முன்னால் தட்டை வைத்து, நாலு இட்லியைப் போட்டுச் சாம்பாரை ஊற்றினார்.

"ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அளந்து பாத்தாரும்மா. மூணு வருசத்துல ஒரு நூலுகூட வளரலையாம். ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டிட்டுப் போ, ஆபரேசன் எல்லாம் வேணாம்ன்ட்டாரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாம்பார் காரம் என்று சமாளித்தேன். அது காரமே இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்துப் போனேன், ஆனால் முடியவில்லை. "அக்கா, நீங்க கத்தினப்போ என் விரல் அந்தப் பட்டன் மேலதான் இருந்துச்சு" என்றேன்.

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். என் கையைப் பார்த்தார்.

"பட்டன் மேலயா?"

"ஆமாக்கா."

"சரி. இன்னொரு இட்லி வச்சுக்க" என்று போட்டுவிட்டு, திரும்பி அடுப்பில் இருந்த இட்லிப் பானையின் மூடியைச் சரிசெய்தார். பிறகு எதிரே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "சாம்பாரு எப்பிடி இருக்கு? மலையாளத்துல சொல்லு."

"கொல்லாம்" என்றேன். சேட்டன் சாயாவைத் துப்பாத குறையாகச் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாக்க மடிச்சுச் சொல்லுத்தா" என்றார் அக்கா. பள்ளிக்கூடத்தில் பத்து வருடமாக மடியாத நாக்கு, அந்தத் தகரக் கூரையின் கீழ் நாலாவது தடவையில் மடிந்தது. "கொள்ளாம்."

இப்போதும் எங்கேயாவது லைன் அறுந்து, ஒரு வேலை சொந்தக்காரர் இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், என்டரில் விரல் வைக்கும் முன் நாக்கை ஒரு தடவை மடித்து, இது கொள்ளாமோ என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.